யாருக்காகச் செய்த வாட்ச்?

வாட்ச் கடையின் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஒரு வாட்சில் முகப்பைச் சுற்றி எண்கள் போட்ட வளையம் ஒன்று 'டிக் டிக்' என்று திரும்பும். இன்னொன்றில் பெரிய வட்டத்துக்குள் மூன்று குட்டி வட்டங்கள். வேறொன்றில் '200 மீட்டர்' என்று எழுதியிருக்கும். வாங்குபவருக்கு நீச்சலே தெரியாது. பாதிக்கு மேல் வாட்சுகளில் முள் இருட்டில் பச்சையாக ஒளிரும். இதெல்லாம் எதுக்குண்ணா என்று கேட்டால், "அது மாடல் சார்" என்பார் கடைக்காரர்.

அந்த வளையமும் வட்டங்களும் பச்சை ஒளியும் ஒரு காலத்தில் யாருக்கோ அவசரமாகத் தேவைப்பட்டவை. சிலருக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட தேவை. அந்த ஆட்கள் போய்விட்டார்கள், அவர்கள் கேட்டு வாங்கிய வசதிகள் மட்டும் நம் மணிக்கட்டில் தங்கிவிட்டன. "எனக்கு எந்த வாட்ச் சரிப்படும்?" என்று யாராவது என்னிடம் கேட்டால், எனக்கு பிராண்ட் பெயர் எதுவும் வாயில் வருவதில்லை. இந்த வசதி யாருக்காக வந்தது, அது உங்களுக்கு வேண்டுமா என்று திருப்பிக் கேட்கத்தான் தோன்றுகிறது. அந்தக் கேள்வியின் பின்னால் கொஞ்ச தூரம் போனால் இன்னொரு கேள்வி நிற்கிறது: இந்த வசதிக்கு விலை கொடுத்தது யார்?

*

முதலில் மணிக்கட்டுக்கே வருவோம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆண்கள் கடிகாரத்தைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை. நேப்பிள்ஸ் அரசி கரோலின் முராவுக்காக பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் 1810இல் ஆர்டர் எடுத்து 1812இல் செய்துகொடுத்த கைக்கடிகாரம் அந்த வகையைச் சேர்ந்தது. ஆண் ஒருவன் அதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியது இரண்டு கைகளுக்கும் வேலை இருந்த ஆட்கள். பாரிஸில் வாழ்ந்த பிரேசில்காரரான சான்டோஸ் துமோன், ஆரம்பகால விமானிகளில் ஒருவர். பறக்கும்போது பைக்குள் கைவிட்டுக் கடிகாரத்தை எடுக்க முடியவில்லை என்று நண்பர் லூயி கார்ட்டியேவிடம் சொன்னார். 1904இல் கார்ட்டியே அவருக்கு ஒரு கைக்கடிகாரம் செய்துகொடுத்தார். அதற்குச் சில வருடங்கள் முன்பே, 1899இல் தொடங்கிய போயர் போரில், பிரிட்டிஷ் சிப்பாய்கள் பைக் கடிகாரத்தைத் தோல் பட்டைக்குள் திணித்துக் கையில் கட்டிப் பார்த்திருந்தார்கள்.

ஊருக்கெல்லாம் இது பரவியது முதல் உலகப் போரில். போருக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு பழசுதான். பாசறையில் நாழிகைக் கணக்கர்கள் நீர்க்கடிகாரம் பார்த்து அரசனுக்கு நேரம் சொன்னதை நம் முல்லைப்பாட்டு காட்டுகிறது. அங்கே அரசனுக்கு மட்டும் தெரிந்தால் போதும். 1916இல் பதுங்குகுழியில் நின்ற இளம் அதிகாரி ஒவ்வொருவருக்கும் நிமிஷம் தெரிய வேண்டியிருந்தது. பின்னால் இருக்கும் பீரங்கிகள் எதிரி வரிசைமேல் குண்டு பொழியும். குறித்த நிமிஷத்தில் குறியைத் தள்ளி அடுத்த வரிசைக்குப் போகும். அந்த இடைவெளியில் காலாட்படை குழியை விட்டு ஏறி ஓட வேண்டும். இரண்டு நிமிஷம் முந்தினால் சொந்தக் குண்டிலேயே சாவு. பிந்தினால் எதிரி எழுந்து இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துவிடுவான்.

1916 ஜூலை 1, காலை 7.30. சோம் போர்முனையில் முன்கூட்டியே ஒத்துப்பார்த்து வைத்த கடிகாரங்களின்படி விசில் ஊதினார்கள். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 19,240 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. பீரங்கிகள் அட்டவணைப்படி சரியான நிமிஷத்தில் முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தன. காலாட்படையோ பல இடங்களில் முள்கம்பியைத் தாண்டவே இல்லை. நேரத்தில் யாரும் தப்பு விடவில்லை. முன்னால் என்ன நடக்கிறது என்று அந்த அட்டவணைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தக் குழிகளிலிருந்து திரும்பியவர்களின் கையில் வாட்ச் இருந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் பெண்கள் நகை என்று சொல்லவில்லை. பெரிய எண்கள், தடித்த முள், உடையாத கண்ணாடி, உறுதியான பட்டை, இருட்டில் ஒளிரும் முகப்பு. இன்றும் 'மிலிட்டரி வாட்ச்' என்று விற்கும் மாடலில் இருப்பது ஏறக்குறைய இதே பட்டியல்.

*

ஒளிரும் முகப்பில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

நம் ஊரில் இருட்டில் மின்னுகிற எதையும் 'ரேடியம்' என்றுதான் சொல்கிறோம். பைக்கில் ஒட்டுகிற ஸ்டிக்கர் ரேடியம், வாட்ச் முள்ளில் இருக்கும் பச்சை ரேடியம். இன்று இவற்றில் துளி ரேடியம் கிடையாது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில், ஆரஞ்சு என்ற ஊரில் போய் நிற்போம்.

1917 முதல் அங்கே ஒரு தொழிற்சாலையில் இளம் பெண்கள் கடிகார முகப்புகளுக்கு வர்ணம் தீட்டினார்கள். ராணுவத்துக்கும் போனது, போருக்குப் பிறகு பொதுமக்களுக்கும் போனது. வர்ணத்தில் ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் இருந்தன. எண்கள் பொடிசு, தூரிகை நுனி சீக்கிரம் விரிந்துவிடும். அதனால் உதட்டில் வைத்துக் கூராக்கி, வர்ணத்தில் தோய்த்து, எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முகப்புக்கும் இப்படிச் சில முறை, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முகப்புகள். உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றார்கள். அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில் ரேடியத்தைக் கையாண்டவர்கள் ஈயத் தடுப்பும் இடுக்கியும் பயன்படுத்தினார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்களின் தலைமுடியும் உடையும் இருட்டில் மின்னும்.

சில வருடங்களில் பல் ஆடியது. பல்லைப் பிடுங்கினால் புண் ஆறவில்லை. தாடை எலும்பு பொடியாகக் கழன்று வந்தது. எலும்பு ரேடியத்தைக் கால்சியம் மாதிரி எடுத்துச் சேமித்துக்கொள்ளும், அது உள்ளிருந்தே தாக்கும். கிரேஸ் ஃபிரையர் என்ற தொழிலாளி வழக்கு போடத் தீர்மானித்தார். வழக்கறிஞர் கிடைக்கவே அவருக்கு இரண்டு வருடம் ஆனது. 1928இல் நீதிமன்றத்துக்கு வந்த பெண்களில் உறுதிமொழி எடுக்கக் கையைத் தூக்க முடியாதவர்கள் இருந்தார்கள். தீர்ப்புவரை உயிரோடு இருப்பார்களா என்று யாருக்கும் தெரியாத நிலையில் சமரசம் ஏற்பட்டது: ஆளுக்கு 10,000 டாலர், வருடத்துக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. கிரேஸ் ஃபிரையர் 1933இல் இறந்தார். அந்த வர்ணத்தைக் கண்டுபிடித்த வான் சோசோக்கியும் 1928இலேயே ரேடியத்தால்தான் செத்தார்.

இருட்டில் நேரம் பார்ப்பது குழியில் நின்ற சிப்பாயின் தேவை. அதில் பொய் இல்லை. அந்தத் தேவைக்கான விலையை, குழியையே பார்க்காத ஒருத்தி தன் தாடை எலும்பால் கட்டினாள். 1993இல் ஜப்பானில் கதிரியக்கம் இல்லாத ஸ்ட்ரோன்ஷியம் அலுமினேட் வர்ணம் வந்தது. இப்போது உங்கள் வாட்சில் பச்சையாக ஒளிர்வது பெரும்பாலும் அந்த வகைதான். விளக்கு வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் மெதுவாகத் திருப்பித் தரும்.

*

எல்லாத் தேவையும் போரில் பிறந்ததில்லை. நொடி முள் மருத்துவத்துக்கு ரொம்பக் கடன்பட்டது. ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில மருத்துவர் நாடித்துடிப்பை எண்ணுவதற்காகவே ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்ய வைத்து, 1707இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அதுவரை நாடி வேகமா மந்தமா என்று விரல்தான் சொல்லும். அதற்குப் பிறகு எண்ணாகச் சொல்ல முடிந்தது.

என் சித்தி ஸ்டாஃப் நர்ஸ். இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். வாட்ச் வாங்கக் கடைக்குப் போனால் விலையை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் நொடி முள் இருக்கா, அறுபது கோடும் தனித்தனியா தெரியுதா என்று பார்ப்பார். "கோடு இல்லாத வாட்ச வச்சுக்கிட்டு நான் பல்ஸ எப்படிடா எண்ணுறது?" அடுத்தது, சோப்புப் போட்டுக் கழுவ முடிகிற பட்டை. தோல் பட்டை என்றால் தொடவே மாட்டார்; வார்டில் ஆயிரம் அழுக்கு ஒட்டும் என்பார். வார்டுக்குள் போகும்போது வாட்சைக் கழற்றி மேல்பையில் குத்திக்கொள்வார், மணிக்கட்டுவரை கை கழுவ வேண்டுமே. நான் பார்த்தவரை தன் தேவையை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொண்டு வாட்ச் வாங்கும் இன்னொருவர் இல்லை.

*

சுற்றும் வளையம் முக்குளிப்பவர்களுடையது. 1953இல் பிரெஞ்சுக் கடற்படையின் நீரடி வீரர்களுக்கு ஒரு வாட்ச் வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டபடி வந்தது பிளான்பேன் நிறுவனத்தின் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்'. தண்ணீருக்குள் இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிஷ முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கணக்குப் போடாமலே தெரியும். முதுகில் இருக்கும் காற்று அத்தனை நிமிஷத்துக்குத்தான். பின்னால் வந்த முக்குளிப்பு வாட்சுகளில் வளையம் ஒரே திசையில் மட்டும் திரும்பும். பாறையில் இடித்து நகர்ந்தாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். சீக்கிரம் மேலே வந்துவிடுவீர்கள், அவ்வளவுதான். தப்பு நடந்தாலும் உயிர் பக்கம் சாய்ந்தே நடக்கும்படி யோசித்திருக்கிறார்கள்.

தண்ணீர் புகாத வாட்சுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு லண்டன் தட்டச்சர். மெர்சிடிஸ் கிளைட்ஸ் 1927 அக்டோபர் 7 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதன் பிறகு இன்னொரு பெண் தானும் கடந்ததாகச் சொன்னது பொய் என்று தெரிய, கிளைட்ஸின் சாதனைமேலும் சந்தேகம் விழுந்தது. நிரூபிக்க அக்டோபர் 21 அன்று மறுபடி குதித்தார், கழுத்தில் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் தொங்கியது. பத்து மணி நேரத்துக்கு மேல் குளிரில் போராடி, முடிக்க முடியாமல் படகில் ஏற்றப்பட்டார். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ஒரு லண்டன் நாளிதழின் முதல் பக்கம் முழுக்க அந்த வாட்சின் விளம்பரம்.

இங்கே கடைக்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகப்பில் '30 மீட்டர்' என்று இருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தம் இல்லை. ஆய்வகத்தில் அசையாத நீர் அழுத்தத்தில் சோதித்த எண் அது. நடைமுறையில் 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். கிணற்றில் குதித்து நீந்துபவருக்கு 100 மீட்டர் வேண்டும். சிலிண்டர் கட்டி முக்குளிப்பவருக்கு 200 மீட்டர்.

மூன்று குட்டி வட்டங்கள் கொண்ட குரோனோகிராஃபுக்கும் இப்படி ஒரு கணம் உண்டு. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்ஸிஜன் தொட்டி வெடித்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கருவிகளை அணைத்துவிட்டார்கள். பூமிக்குத் திரும்பும் பாதையைச் சரிசெய்ய எஞ்சினைச் சரியாக 14 நொடி எரிக்க வேண்டியிருந்தது. ஜாக் ஸ்விகெர்ட் கையில் கட்டியிருந்த சாவி கொடுக்கும் ஒமேகாவைப் பார்த்து நொடியை எண்ணினார். உங்களுக்கும் எனக்கும் அந்த 14 நொடி வரப்போவதில்லை. முட்டை வேகவைக்க போனே போதும்.

*

இவ்வளவு துல்லியம் சாதாரண மனிதருக்கு எப்போது தேவைப்பட்டது? நம் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிஷம். வயலுக்கும் கோயிலுக்கும் அது தாராளமாகப் போதும். நிமிஷத்தை எல்லார் வீட்டுக்கும் கொண்டுவந்தது ரயில். ஊருக்கு ஊர் சூரியன் வேறு நேரத்தில் உச்சிக்கு வரும். ரயிலுக்கு ஒரே நேரம் வேண்டும். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்ததால் இந்திய ரயில்வே மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டது. மெட்ராஸ் வானாய்வகம் கணித்த அந்த நேரம் இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிஷம் பின்னால். 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தது. கல்கத்தாவும் பம்பாயும் அதற்குப் பிறகும் பல வருடம் தங்கள் சொந்த நேரத்தை விடவில்லை.

நேரம் பொதுவானது, கடிகாரம் பொதுவாகவில்லை. வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில், பிரிட்டிஷ் ஆலைகளில் முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளியும் மாலையில் பின்னே இழுத்தும் வைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். தொழிலாளிகள் சொந்தக் கடிகாரம் கொண்டுபோகவே பயந்தார்கள். நேரம் தெரிந்த தொழிலாளி தொந்தரவு பிடித்தவன் என்பது ஆலையின் கணக்கு.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து அரசு நிறுவனமான எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்ததன் கனம் புரியும். கடத்தல் சரக்காக வந்த வெளிநாட்டு வாட்சுகளின் காலத்தில், குமாஸ்தாவும் வாத்தியாரும் வாங்கக்கூடிய ஒரு வாட்சுக்கு 'ஜனதா' என்று பெயர் வைத்தார்கள். பார்வையற்றவர்களுக்காக எச்.எம்.டி. செய்த பிரெயில் வாட்ச் எனக்கு அதைவிடப் பிடிக்கும். மேல் கண்ணாடி மூடி மாதிரித் திறக்கும், முள்ளை விரலால் தடவி நேரம் பார்க்கலாம். தடவினாலும் நகராத அளவுக்கு முள் உறுதியாக இருக்கும்.

துல்லியத்தை மலிவாக்கியது குவார்ட்ஸ். 1969 கிறிஸ்துமஸ் நாளில் டோக்கியோவில் செய்கோ வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் விலை 4,50,000 யென், அன்று ஒரு சின்னக் காரின் விலை. பத்துப் பதினைந்து வருடத்தில் அந்தத் தொழில்நுட்பம் பிளாட்பாரக் கடைக்கு வந்துவிட்டது. இன்றைய குவார்ட்ஸ் வாட்சுக்குள் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாவி வாட்சின் சக்கரம் நொடிக்கு எட்டு முறை அடித்தாலே அதிகம். 1970இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள். 1980களின் நடுவில் மிஞ்சியவர்கள் முப்பதாயிரத்துச் சொச்சம். நம் பக்கம், 1984இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரில் குவார்ட்ஸை நம்பி இறங்கியது. சாவி வாட்சை விடாமல் பிடித்திருந்த எச்.எம்.டி.யின் வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

*

இனி வாங்கும் விஷயம். நேரம் தப்பாமல் ஓடினால் போதும் என்றால் சில ஆயிரம் ரூபாய்க்குள், ஏன் அதற்கும் கீழேகூட, உங்கள் தேவை தீர்ந்துவிடும். 1989இல் வந்து இன்றும் விற்கும் கேஸியோ எஃப்-91டபிள்யூ மாதத்துக்கு 30 நொடிக்குள்தான் தப்பும், செல் ஏழு வருடம் வரும். சுவிஸ் சான்றிதழ் பெற்ற லட்ச ரூபாய்ச் சாவி வாட்சுக்கு நாளைக்கு 4 நொடி பிந்தவோ 6 நொடி முந்தவோ அனுமதி உண்டு. அதை வாங்குபவர் நேரத்துக்காக வாங்கவில்லை. கையால் செய்த சின்ன இயந்திரம் ஒன்று தன் மணிக்கட்டில் ஓடுகிறது என்ற சந்தோஷத்துக்காக வாங்குகிறார். அதுவும் தேவைதான். தெரிந்து வாங்கினால் போதும். சில வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செலவு வரும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டித் தேர்வு எழுதுகிறீர்களா? ஸ்மார்ட்வாட்சைப் பல அறைகளில் அனுமதிக்க மாட்டார்கள். நீட்டில் எந்த வாட்சும் கூடாது. வெயிலில் அலைகிற வேலையா? தோல் பட்டை வியர்வையில் நாறிப்போகும், ரப்பரோ நைலானோ எஃகுச் செயினோ போடுங்கள். கையில் கட்டிப் பாருங்கள். வாட்சின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனிவரை மணிக்கட்டின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். கூட்டத்தில் நடுவே போனை எடுத்தால் பத்து நோட்டிபிகேஷன் நேரத்தைத் தின்றுவிடுகிறது என்பவருக்கு, நேரம் மட்டும் காட்டுகிற வாட்ச்தான் பெரிய வசதி. என் கையில் இருப்பதும் அந்த வகைதான். முக்குளிப்பு வளையம் அழகாக இருக்கிறது என்றால் அதையும் தாராளமாக வாங்குங்கள், அது யாருடைய மூச்சுக்காக வந்தது என்று தெரிந்துகொண்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய சாமான் கடையிலோ ஆன்லைனிலோ 1950களின் வாட்ச் ஒன்று ஆசையாகத் தெரியலாம். எண்கள் மேல் பழுப்பேறிய, உதிரும் வர்ணம் இருந்தால், இருட்டில் அது ஒளிராவிட்டாலும், மூடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ஒளி தந்த துத்தநாக சல்ஃபைடு சில பத்து வருடங்களில் செயலிழந்துவிடும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். அந்த எண்களை ஒருவேளை ஒரு பெண் தூரிகையால் எழுதியிருக்கலாம். அவர் தொட்ட ரேடியம் இன்னும் அப்படியே அங்கே இருக்கிறது.